தொலைக்காட்சிச் செய்தியை நேரலையில் விமர்சிப்பவர்களுக்கு: பதிப்புரிமைச் சிக்கல் இல்லாமல் செய்யும் முறை

இரவுச் செய்தி முடிந்த கையோடு யூடியூபிலோ பேஸ்புக்கிலோ நேரலை போட்டு, அன்றைய செய்தியறிக்கைகளை அலசுகிற திருகோணமலைக்காரருக்காக எழுதப்பட்டது இது. தேவையான வேலை. கொழும்பிலிருந்து வரும் செய்தியில் மூதூரும் வெருகலும் அரை நிமிடத்தில் கடந்துபோகின்றன. அந்த அரை நிமிடத்தை நிறுத்திவைத்து, சரியா பிழையா என்று பேச உள்ளூரில் ஆள் வேண்டும். அப்படிப் பேசுகிறவரின் சனலே ஒருநாள் மூடப்பட்டால் இழப்பு ஊருக்குத்தான். அதைத் தவிர்க்கும் வழி சிக்கலானதல்ல. நிகழ்ச்சியை உங்கள் பேச்சு நடத்த வேண்டும். அவர்களின் ஒளிபரப்பு நீங்கள் சுட்டிக்காட்டும் சான்றாக மட்டும் வந்துபோக வேண்டும். கீழே உள்ள எல்லா ஏற்பாடும் இதற்காகத்தான்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

இலங்கையில் இதற்குரியது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 8ஆம் பிரிவின்படி அன்றாடச் செய்திக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்புக் கிடையாது. சட்டங்கள், வர்த்தமானி அறிவித்தல்கள் போன்ற உத்தியோகபூர்வ உரைகளுக்கும் கிடையாது. வெருகலில் வெள்ளம் ஏறியதை எந்தச் சனலில் கேட்டிருந்தாலும் நீங்கள் உங்கள் வாயால் சொல்லலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த வெள்ளத்தைக் காட்டிய படப்பிடிப்பு, செய்தியாளர் எழுதி வாசித்த வசனம், வரைபடம், தொடக்க இசை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிப் படைப்பு. அதற்கு மேல், அதே சட்டம் ஒளிபரப்பு நிறுவனத்துக்குத் தனியான உரிமை ஒன்றைக் கொடுக்கிறது: மறுஒளிபரப்பு, பொதுமக்களுக்குக் கொண்டுசெல்லல், பதிவு செய்தல், அந்தப் பதிவைப் பிரதியெடுத்தல். இந்த உரிமை 50 ஆண்டுகளுக்கு நிற்கும். வேண்டுமென்றே மீறியது நீதவான் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டால் 5 இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 178ஆம் பிரிவு சொல்கிறது.

உங்களுக்கு இடம் தருவது 11ஆம் பிரிவு. விமர்சனம், கருத்துரை, செய்தி அறிக்கையிடல், கற்பித்தல், ஆய்வு போன்ற நோக்கங்களுக்கான நியாயமான பயன்பாடு மீறலாகாது என்கிறது அது. நியாயமானதா என்று தீர்மானிக்க நான்கு விடயங்கள் பார்க்கப்படும்: பயன்பாட்டின் நோக்கமும் தன்மையும் (பணம் சம்பாதிப்பதற்கா என்பது இதில் சேரும்), எடுக்கப்பட்ட படைப்பு எத்தகையது, அதில் எவ்வளவு எடுத்தீர்கள், எடுத்ததால் மூலப் படைப்பின் சந்தை பாதிக்கப்படுமா. ஒளிபரப்பு நிறுவனங்களின் தனி உரிமைக்கும் 21ஆம் பிரிவில் விலக்குகள் உண்டு. நடப்பு நிகழ்ச்சிகளை அறிக்கையிட, தகவல் தருவதற்குத் தேவையான அளவில், சிறு பகுதிகளைப் பயன்படுத்தலாம்.

நேரலைக்காரருக்கு நான்காவது விடயம்தான் ஆபத்தானது. செய்தியறிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திரையில் போட்டு ஓரத்தில் உங்கள் முகத்தை வைத்தால், பார்வையாளர் அந்தச் சனலுக்குப் போகத் தேவையில்லை. நீங்கள் எவ்வளவு கூர்மையாகப் பேசினாலும் நடப்பது மறுஒளிபரப்பு. சிறு பகுதிக்கான விலக்கும் அதற்கு உதவாது, ஏனெனில் அது சிறு பகுதி அல்ல. ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும் ஒளிபரப்பை ஒருபோதும் நேரலைக்குள் விடாதீர்கள். அறிக்கை முடியட்டும், துண்டுகளை வெட்டுங்கள், பிறகு நேரலைக்கு வாருங்கள். ஒரு மணி நேரம் பிந்தினால் விமர்சனம் பழசாகிவிடாது.

சென்னைச் சனல்களின் துண்டைக் காட்டுகிறவர்கள் இந்தியச் சட்டத்தின் போக்கையும் அறிந்திருக்க வேண்டும். முறைப்பாடு அனுப்புகிறவர் அந்தக் கண்ணால்தான் பார்ப்பார். அங்கே 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வது நியாயமான கையாளல். எங்கள் 11ஆம் பிரிவு ‘போன்ற நோக்கங்கள்’ என்று திறந்துவிடுகிறது; அங்கே தனிப்பட்ட பயன்பாடு, விமர்சனம் அல்லது மதிப்பாய்வு, நடப்பு நிகழ்ச்சி அறிக்கையிடல் என்று நோக்கங்கள் பட்டியலாகவே தரப்பட்டுள்ளன. நேர்மையான மதிப்பாய்வுக்கு ஒளிபரப்பின் பகுதிகளைப் பயன்படுத்த 39ஆம் பிரிவு இடம் தருகிறது. லண்டனிலிருந்து இயங்கும் தமிழ்ச் சனல் என்றால் பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டம், 30ஆம் பிரிவு. அங்கே மூலத்தைக் குறிப்பிடுவது பொதுவாகக் கட்டாயம். நடப்பு நிகழ்ச்சி அறிக்கையிடல் என்ற காரணம் புகைப்படங்களுக்குச் செல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். செய்திக்குள் ஒரு புகைப்படக்காரரின் படம் வந்தால் அதை நிறுத்திவைத்துக் காட்ட வேண்டாம்.

எத்தனை வினாடி?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ‘பத்து வினாடிக்குக் குறைந்தால் பிரச்சினை இல்லை’ என்று பரவிக் கிடக்கும் பேச்சுக்கு மேலே சொன்ன எந்தச் சட்டத்திலும் ஆதாரமில்லை. 1990 உலகக் கிண்ணக் காற்பந்தாட்டக் காட்சிகளை இன்னொரு சனல் தன் செய்தியில் 14 முதல் 37 வினாடி வரை காட்டியது நியாயமான கையாளலே என்று ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றது. அதே நாட்டில், ஒரு கைபேசிச் செயலிக்கு எதிராக இங்கிலாந்து கிரிக்கெட் சபை தொடுத்த வழக்கில், 2016இல், வெறும் 8 வினாடிக் கிரிக்கெட் துண்டுகள் நியாயமானவை அல்ல என்று தீர்ப்பானது. முதல் வழக்கில் துண்டு செய்திக்குள் அடங்கியிருந்தது. இரண்டாவதில் துண்டுகளைப் பார்க்கவைப்பதே அந்தச் செயலியின் வேலையாக இருந்தது.

அமெரிக்காவில் 2017இல் ஒரு தீர்ப்பு. 5 நிமிடம் 24 வினாடிக் காணொளியில் 3 நிமிடம் 15 வினாடியை எடுத்து, அடிக்கடி நிறுத்தி, ஏறத்தாழ 14 நிமிடத்துக்கு விமர்சித்த இரு யூடியூபர்கள் வென்றார்கள். அதே தீர்ப்பில் நீதிபதி ஓர் எச்சரிக்கையும் வைத்தார்: சில எதிர்வினைக் காணொளிகள் கருத்துரையே இல்லாமல் கூடியிருந்து பார்ப்பதற்கு நிகரானவை, இந்தத் தீர்ப்பு அவற்றுக்கும் சேர்த்துச் சொன்னதல்ல. யூடியூப் அமெரிக்க நிறுவனம் என்பதால் இந்தத் தீர்ப்பை மனதில் வைத்திருப்பது பயனுள்ளது.

சட்டத்தில் எண் இல்லாவிட்டாலும் வேலைக்கு ஓர் எண் வேண்டும். நாங்கள் பரிந்துரைப்பது: ஒரு துண்டு 20 வினாடியைத் தாண்டாமல், ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு அதைப்போல் மூன்று மடங்கு நேரமாவது அதைப் பற்றியே உங்கள் பேச்சு, ஒரே அறிக்கையிலிருந்து மொத்தம் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இது எச்சரிக்கைக்கான கணக்கு. இதற்குள் நின்றாலும் தேவையில்லாத துண்டு தேவையில்லாததுதான்.

வெட்டுவதற்கு முன் தாளில் எழுதுங்கள்

ஓர் உதாரணம். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் பற்றி ஒரு சனல் மூன்று நிமிட அறிக்கை போடுகிறது, ‘99 தாங்கிகளும் இந்தியாவுக்கு’ என்று தலைப்பு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசிக்கு (இந்தியன் ஓயிலின் துணை நிறுவனம்), 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அந்த நிறுவனத்தில் 51 வீதம் கூட்டுத்தாபனத்தினது. தலைப்பு பிழை என்று நீங்கள் காட்ட வேண்டும்.

தாளில் மூன்று நிரல் போடுங்கள்: துண்டின் தொடக்க, முடிவு நேரம்; அதில் என்ன இருக்கிறது; அதைக் காட்டாமல் இதைச் சொல்ல முடியாதா. மூன்றாவது நிரல்தான் உங்கள் பாதுகாப்பு. தலைப்பு ஓடும் காட்சி தேவை, ஏனெனில் விமர்சிப்பதே அதைத்தான். 6 வினாடி போதும். அமைச்சரின் ஒரு வாக்கியம் தேவை, தலைப்போடு அது முரண்படுவதால். 12 வினாடி. தாங்கிகளை ட்ரோனில் சுற்றிக் காட்டிய 40 வினாடி அழகாக இருக்கிறது; ஆனால் அதைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லப்போவதில்லை. விடுங்கள். 14, 24, 61 என்ற கணக்கை நீங்களே ஒரு அட்டையில் எழுதிக் காட்டலாம், அது யாருடைய சொத்துமல்ல. ஆக மூன்று நிமிடத்தில் 18 வினாடி எடுத்திருக்கிறீர்கள், ஒவ்வொரு வினாடிக்கும் காரணம் எழுத்தில் இருக்கிறது.

வெட்டும்போது பேசுகிறவரின் வாக்கியத்தை முழுதாக விடுங்கள். பாதியில் நறுக்கிப் பொருளை மாற்றினால் படைப்பாளியின் நற்பெயருக்குப் பாதகமான திரிப்பு என்று எங்கள் சட்டத்தின் 10ஆம் பிரிவின் கீழ் இன்னொரு சிக்கல் வரும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பொய்க் கூற்றுகளைப் பற்றிப் பேசுவதால், வெட்டாத மூலப் பதிவைத் தனியாக வைத்திருப்பது நல்லது.

சிங்களச் செய்தியைத் தமிழில் சொல்வது

திருகோணமலையில் இதற்கு உண்மையான தேவை இருக்கிறது. சிங்களத்தில் விரிவாக வரும் செய்தி தமிழில் இரண்டு வரியாகச் சுருங்குவதைப் பார்க்கிறோம். ஆனால் ஒரு சிங்களச் செய்தியறிக்கையை ஓடவிட்டு வரிக்கு வரி தமிழில் பெயர்த்துச் சொல்வது விமர்சனமாகாது. மொழிபெயர்க்கும் உரிமை எங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவில் படைப்பின் உரிமையாளருக்கே உரியது. அறிக்கையைக் கேட்டு, குறிப்பெடுத்து, அணைத்துவிட்டு, உங்கள் சொந்த வாக்கியங்களில் சம்பவத்தைச் சொல்லுங்கள். யார், எங்கே, எப்போது, எத்தனை என்பது செய்தி, அதை எடுக்கலாம். குறிப்பிட்ட ஒரு சொல்லாட்சியில்தான் பிரச்சினை என்றால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் போட்டு, பெயர்த்து, விமர்சியுங்கள்.

ஓபிஎஸ் ஏற்பாடு

ஓபிஎஸ் என்பது நேரலைக்கான இலவச மென்பொருள். அதில் நான்கு சீன் (மாற்றி மாற்றிக் காட்டும் திரை அமைப்பு) போதும். முதலாவது உங்கள் முகம் மட்டும். நேரலையின் பெரும்பகுதி இதில்தான் போக வேண்டும். இரண்டாவது துண்டு காட்டுவதற்கு: துண்டு திரையின் பாதிக்குக் குறைந்த பெட்டியில், பக்கத்தில் உங்கள் முகம், கீழே ஒரு வரியில் சனலின் பெயர், அறிக்கையின் நேரம், திகதி. மூன்றாவது ஆவணம்: வர்த்தமானி, உங்கள் அட்டை, வரைபடம். நான்காவது அவசரத்துக்கு: நீங்களே எடுத்த ஒரு படம், இசை இல்லாமல். நான்குக்கும் ஹொட்கீ, அதாவது அழுத்தியதும் சீன் மாறும் விசை, கொடுங்கள். மவுஸைத் தேடும் மூன்று வினாடியில் துண்டு தேவைக்கு மேல் ஓடிவிடும்.

துண்டுகளைப் பிரவுசரிலிருந்து காட்டாதீர்கள். ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக 01, 02 என்று பெயரிட்டு மீடியா சோர்ஸாகச் சேருங்கள். அதன் அமைப்பில் ‘லூப்’ என்பதை எடுத்துவிடுங்கள். சோர்ஸ் திரைக்கு வரும்போது தொடக்கத்திலிருந்து ஓடும் தெரிவையும், முடிந்ததும் எதையும் காட்டாதிருக்கும் தெரிவையும் போடுங்கள். லூப்பை எடுக்காமல் விட்டால் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது 12 வினாடித் துண்டு பின்னால் ஐந்து தடவை ஓடி ஒரு நிமிடமாகிவிடும். யூடியூபின் தன்னியக்கப் பதிப்புரிமைச் சோதனைக்கு அது ஒரு நிமிடத் துண்டுதான்.

டெஸ்க்டொப் ஓடியோவை நிறுத்திவிடுங்கள். மைக்கும் மீடியா சோர்ஸும் மட்டும் போதும். தொடக்க இசை, பின்னணி இசை, விளையாட்டுச் செய்தியில் வரும் கிரிக்கெட் காட்சி, விளம்பரம் ஆகியவை துண்டுக்குள் வராமல் வெட்டுங்கள். கிளெய்ம் (அது தங்களுடையது என்று யூடியூப் வழியாக வரும் உரிமைகோரல்) பெரும்பாலும் இவற்றால்தான் வரும், அதுவும் செய்திச் சனலிடமிருந்தல்ல; இசை நிறுவனத்திடமிருந்து, ஒளிபரப்பு உரிமை வாங்கியவரிடமிருந்து, சில வேளை ரொய்ட்டர்ஸ், ஏபி, ஏஎப்பி போன்ற செய்தி முகவரகங்களிடமிருந்து. திரையின் மூலையில் முகவரகத்தின் பெயர் தெரிந்தால் அந்தக் காட்சியைத் தவிர்ப்பதே நல்லது.

பியோ டிவி, டயலொக் டிவி பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகக் கப்சர் கார்டுக்கு (படத்தைக் கணினிக்குள் எடுக்கும் கருவி) கொடுத்தால் கறுப்புத் திரை வரலாம். அது பழுதல்ல, நகல் தடுப்பு. அதைக் கடக்கும் கருவி தேடி அலைய வேண்டாம். பெரும்பாலான சனல்கள் தங்கள் அறிக்கையை யூடியூபில் தாங்களே போடுகின்றன. தேவைப்படும் துண்டு அங்கேயே கிடைக்கும், பார்வையாளருக்கு முழு அறிக்கையின் இணைப்பையும் கொடுக்கலாம். மூலத்தின் சந்தை பாதிக்கப்படுமா என்ற நான்காவது விடயத்தில் அந்த இணைப்பு உங்கள் பக்கம் நிற்கும்.

இணைய வேகத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: 720 தெளிவு, வினாடிக்கு 30 பிரேம், 4,000 கேபிபிஎஸ், கீபிரேம் இடைவெளி 2 வினாடி. அப்லோட் வேகம் 6 எம்பிபிஎஸ்க்குக் குறையாமல் இருக்கட்டும். ஓபிஎஸ்ஸில் உங்கள் கணினியிலும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பின்னால் முறைப்பாடு வந்தால் நேரலையில் உண்மையில் என்ன போனது என்பதற்கு அதுதான் சான்று.

நேரலைக்கு முன் செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று: அன்றைய துண்டுகளை எல்லாம் ஒரே காணொளியாக ஒட்டி யூடியூபில் பிரைவேட்டாக ஏற்றுங்கள். ஏற்றும்போதே பதிப்புரிமைச் சோதனை நடக்கும். ஏதாவது துண்டு பிடிபட்டால் அதை நீக்கிவிட்டு, பேச்சால் விளக்குங்கள். பிடிபடாதது அனுமதி என்று பொருளல்ல. ஆளே பார்த்து அனுப்பும் முறைப்பாடு வேறு.

படத்தைக் கண்ணாடிபோல் திருப்புவது, குரலின் சுருதியை மாற்றுவது, சுற்றிவரச் சட்டம் போடுவது போன்ற தந்திரங்களைச் சொல்லித்தருகிறவர்கள் உண்டு. செய்யவே வேண்டாம். நியாயமான பயன்பாடு என்று நம்புகிறவர் மறைக்க மாட்டார். மறைத்த தடயம் உங்கள் வாதத்தை நீங்களே முறித்ததாகிவிடும். ‘பதிப்புரிமை உரியவருக்கே’ என்று கீழே எழுதுவதும் பாதுகாப்பல்ல. மூலத்தைக் குறிப்பிடுவது கடமை, அனுமதி ஆகாது.

நேரலையில் எச்சரிக்கை வந்தால்

மற்றவரின் உள்ளடக்கம் என்று யூடியூப் கண்டால் முதலில் எச்சரிக்கும். உங்கள் படத்துக்குப் பதிலாக ஒரு நிலைப்படம் வரலாம். தொடர்ந்தால் நேரலை நின்றுவிடும். எச்சரிக்கை கண்டவுடன் முதல் சீனுக்கு மாறி, பேச்சைத் தொடருங்கள். அதே துண்டைத் திரும்பப் போடாதீர்கள். 12 மணி நேரத்துக்குக் குறைந்த நேரலை தானாகவே சனலில் பதிவாகும், அந்தப் பதிவும் சோதிக்கப்படும். முடிந்ததும் யூடியூப் ஸ்டூடியோவில் பார்த்து, பிரச்சினைக்குரிய பகுதியை அங்கேயே வெட்டலாம்.

கிளெய்மும் ஸ்ட்ரைக்கும் வேறு வேறு. கிளெய்ம் வந்தால் வருமானம் அவர்களுக்குப் போகும் அல்லது சில நாடுகளில் காணொளி தடைப்படும். கனடாவில் இருக்கும் உறவினர் ‘தெரியவில்லை’ என்று சொன்னால் காரணம் இதுவாக இருக்கலாம். சனலுக்குச் சேதமில்லை. மறுப்பு அனுப்பினால் கோரியவருக்குப் பதிலளிக்க 30 நாள் உண்டு. மறுப்பில் கோபத்தைக் கொட்டாமல் தாளில் எழுதியதைக் கொடுங்கள்: ‘மூன்று நிமிட அறிக்கையில் 18 வினாடி, தலைப்புக்கும் அமைச்சரின் கூற்றுக்கும் உள்ள முரணை விமர்சிக்க, துண்டுகளுக்குப் பின் நான்கு நிமிடக் கருத்துரை, மூல இணைப்புத் தரப்பட்டுள்ளது.’

ஸ்ட்ரைக் என்பது முறையான அகற்றல் கோரிக்கையால் வருவது. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சனல் போய்விடும். எதிர் அறிவித்தல் அனுப்ப வழியுண்டு. கோரியவர் 10 அமெரிக்க வேலைநாளுக்குள் வழக்குத் தொடுத்ததாகக் காட்டாவிட்டால் காணொளி திரும்ப வரும். ஆனால் அதில் உங்கள் உண்மைப் பெயரும் முகவரியும் கோரியவருக்குப் போகும், அமெரிக்க நீதிமன்ற நியாயாதிக்கத்துக்கும் நீங்கள் சம்மதிக்கிறீர்கள். அந்தப் படிவத்தை நிரப்பும் முன் புலமைச் சொத்துச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். துண்டு உண்மையிலேயே நீளமாகப் போய்விட்டது என்று உங்கள் பதிவே காட்டினால், எதிர்த்து நிற்காமல் முறைப்பாட்டை மீளப்பெறும்படி சனலுக்கு மரியாதையாக எழுதுவதே வழி.

ஒரே சனலின் செய்தியை வாரந்தோறும் அலசப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். கடிதம் நீள வேண்டாம்:

‘திருகோணமலையிலிருந்து தமிழில் செய்தி விமர்சன நேரலை நடத்துகிறோம். உங்கள் இரவுச் செய்தியறிக்கை முடிந்த பின், ஒரு நிகழ்ச்சியில் மொத்தம் இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத பகுதிகளை, சனலின் பெயரும் மூல இணைப்பும் தந்து, கருத்துரையுடன் காட்ட அனுமதி கோருகிறோம். நேரலைக்கும் அதன் பதிவுக்கும், எல்லா நாடுகளுக்கும், விளம்பர வருமானம் பெறும் நிலையிலும் இந்த அனுமதி பொருந்துமா என்பதைத் தெரிவிக்கவும். முகவரகக் காட்சிகளையும் விளையாட்டுக் காட்சிகளையும் நாங்கள் பயன்படுத்த மாட்டோம்.’

பதில் வந்தால், இந்த நான்கில் எவற்றுக்குச் சம்மதம் தெரிவித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: நேரலை, பதிவு, நாடுகள், வருமானம். ‘பிரச்சினை இல்லை’ என்று வட்ஸ்அப்பில் ஒரு நண்பர் சொன்னது அனுமதியாகாது. நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து, பொறுப்பானவரின் பதவியோடு வர வேண்டும். அந்த மின்னஞ்சல், அன்றைய தாள், வெட்டிய துண்டுகள், நேரலைப் பதிவு ஆகிய நான்கையும் திகதியிட்ட ஒரே போல்டரில் போட்டு, இடம் இருக்கும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.